இடப்பக்கத்துக் கதிரை

லூசி அக்காவின் ஒலிநாடாக்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான் தொடங்கும். முதலில் தேதி, பிறகு யாருடைய வீடு என்பது, அதன்பிறகு அறையில் இருக்கிற ஒவ்வொருவருடைய பெயரும். பெயரைக் கேட்டதும் அந்த ஆள் தன் குரலில் "இருக்கிறன்" என்று சொல்ல வேண்டும், பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி. பிற்காலத்தில் கேட்கிறவனுக்கு எந்தக் குரல் யாருடையது என்ற குழப்பம் வரக்கூடாது என்று அவரே வகுத்துக்கொண்ட முறை அது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கனடாவின் கேப் பிரெட்டன் தீவில், மிக்மாக் பூர்வகுடிகளின் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய், அடுப்படியில், குசினி மேசையில் பதிவுக்கருவியை வைத்து, தன் சனங்களின் கதைகளையும் பாட்டுகளையும் வம்புகளையும் சேர்த்தவர் லூசி அக்கா. ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஆவணக் காப்பகமே அந்த நாடாக்களின் மேல்தான் நிற்கிறது. இப்போது அவருக்கு எண்பதை எட்டுகிற வயது. கலியாணம் கட்டவில்லை. தினமும் காலையில் வந்து, காப்பகத்துத் தேநீரைக் குறை சொல்லிக்கொண்டே குடிப்பார்.

நான் அங்கே ஒலிப் பொறியாளன். பெயர் சற்குணம். லூசி அக்காவின் வாயில் குணா. ஊர் பருத்தித்துறை, பிறகு டொரொண்டோ, பிறகு இந்தப் பாழாய்ப்போன குளிர். இங்கே எல்லாரும் என்னோடு பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களிலேயே அது என் காதில் எங்கள் ஊர்த் தமிழாக விழத் தொடங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது ஆவி, அமானுஷ்யம் என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான்.

அந்த வருஷம்தான் எங்களுக்கு 'அறைமீட்பு' என்ற மென்பொருள் கிடைத்தது. அது என்ன செய்யும் என்று தேநீர் மேசையில் லூசி அக்காவுக்கும் காப்பகத் தலைவி ஹாரியட்டுக்கும் விளக்கினேன்.

"சுவர் நாங்கள் கதைக்கிறதைத் திருப்பித் தரும். வெறும் சுவர் எண்டால் கிட்டத்தட்ட முழுசாத் தரும். இடையில ஒரு ஆள் இருந்தால் அவர் கொஞ்சத்தை விழுங்கிப்போடுவார். எந்தப் பக்கம் எவ்வளவு குறையுது எண்டு பார்த்தால், அந்த அறையில ஆக்கள் எங்க இருந்தவை, எவ்வளவு பெரிய ஆக்கள் எண்டு படம் கீறலாம். பழைய நாடா எண்டாலும் சரி."

"வாய் திறக்காத ஆளையுமோ?" என்று கேட்டார் லூசி அக்கா.

"அவரைத்தான் முக்கியமா."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப பள்ளிக்கூடத்து நாடாவைப் போடும் குணா."

அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து கொண்டுபோய், சொந்த மொழி பேசினால் அடி என்று வைத்திருந்த விடுதிகளில் அதுவும் ஒன்று. லூசி அக்காவை அங்கே கொண்டுபோனபோது அவருக்கு ஒன்பது வயது, தம்பி நோவெலுக்கு ஏழு. ஒரு நவம்பரில், நோவெல் ஓடிப்போய்விட்டான் என்று விடுதியிலிருந்து வீட்டுக்குத் தகவல் வந்தது. கூடவே அவனுடைய கம்பளிக் கோட்டும் ஒரு பொதியில் வந்தது. கோட் இல்லாமல் அந்தக் குளிருக்குள் எந்தப் பிள்ளை ஓடும் என்று அவர்களுடைய அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாராம்.

ஆனால் லூசி அக்காவிடம் இன்னொரு சாட்சி இருந்தது. அதே வருஷம் டிசம்பரில், நத்தார்ப் பண்டிகை வாரத்தில், நாட்டுப் பாடல்கள் சேகரிக்கிற ஒருவர் பதிவுக்கருவியோடு அந்த விடுதிக்கு வந்திருக்கிறார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாட வைத்தார்கள். பாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் எங்கேயோ நோவெல் இருமினான் என்றார் லூசி அக்கா.

"நாய்க்குட்டி குரைக்கிற மாதிரி இருமுவான். எனக்குத் தெரியாதே? திரும்பிப் பார்த்தால் அடிப்பினம், அதால பார்க்கேல்லை."

இதை அவர் எத்தனையோ விசாரணைகளில் சொல்லிவிட்டார். எல்லா இடத்திலும் மரியாதையாகக் கேட்டு, குழந்தைப் பருவ நினைவு, உறுதி செய்ய முடியாது என்று முடித்துவிட்டார்கள். நாடாவில் இருமல் கேட்கவில்லை. பாட்டுத்தான் கேட்கிறது.

இப்போது அந்த விடுதி இருந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் வைக்கப்போகிறார்கள். அங்கே இறந்த பிள்ளைகளின் பெயர்கள் அதில் வரும். எந்தெந்தப் பெயர் என்று தீர்மானிக்கக் குடியிருப்புகளிலிருந்து ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. ஓடிப்போனவன் அங்கே இறந்தவன் ஆகமாட்டான், ஆகவே நோவெல் பட்டியலில் இல்லை. நத்தார் வாரத்தில் அவன் அந்தக் கட்டடத்துக்குள் இருந்தான் என்று காட்டிவிட்டால் பெயரும் ஏறும், பின்பக்க நிலத்தில் புதைகுழியையும் தேடுவார்கள். லூசி அக்காவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஹாரியட்டுக்கு இதில் முழு மனம் இல்லை. லூசி அக்கா அவளுக்கு அன்ரி முறை. பாசம் உண்டு, ஆனால் பயமும் இருந்தது. மென்பொருள் பற்றிய செய்தி வெளியே கசிந்த வாரமே ஒரு மனிதர் வந்து, இறந்துபோன தாயின் பேட்டியை அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். கதவுக்குப் பின்னால் அன்றைக்கு யார் நின்றார் என்பது அவருக்கு மட்டும் தெரியும் போலிருக்கிறது.

"அந்தச் சனங்கள் சொன்னதைத்தான் எங்களிட்டத் தந்தவை. சொல்லாமல் விட்டதைத் தரேல்லை. நாங்கள் அதையும் தோண்டி எடுத்தால் எங்களுக்கும் களவெடுக்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள் ஹாரியட்.

அதனால் ஒரு விதி வைத்தோம். அந்தந்தக் குடும்பம் சம்மதித்தால் மட்டும்தான் ஒரு நாடாவை மென்பொருளில் போடுவது. பள்ளிக்கூடத்து நாடாவுக்கு லூசி அக்காவும், கூடப் பாடியவர்களில் உயிரோடு இருப்பவர்களும் சம்மதித்தார்கள்.

ஆனால் அதைத் தொடுவதற்கு முன் கருவியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அறையில் எத்தனை பேர் என்று நிச்சயமாகத் தெரிந்த நாடாக்கள் வேண்டும். லூசி அக்காவின் இடாப்பை விட நல்லது எது? அனுமதி கிடைத்த குசினிப் பேட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டேன்.

ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் கூடுதலாக வந்தது.

சின்ன உருவம். ஏழெட்டு வயதுப் பிள்ளையின் அளவு. எப்போதும் லூசி அக்காவின் இடப்பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தபடி. வீடு மாறுகிறது, வருஷம் மாறுகிறது, பேசுகிற ஆள் மாறுகிறார், அது மட்டும் அதே இடத்தில், அதே அளவில். வேறு ஆட்கள் எடுத்த பேட்டிகளைப் போட்டுப் பார்த்தேன். அவற்றில் கணக்குச் சரியாக இருந்தது. பட்டப்பகல், ஜன்னலுக்கு வெளியே ஏரி பளபளக்கிறது, நான் எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

லூசி அக்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"விசரா, அது ஆளில்லை. கோட்."

மறுநாள் அதைக் கொண்டுவந்தார். சாம்பல் நிறம், தடித்த கம்பளி, அம்மா கையால் தைத்தது. வேலைக்குப் போகிற எல்லா வீட்டுக்கும் அதை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்துக் கதிரையில் சாய்த்து வைப்பது அவர் வழக்கமாம்.

"சனங்கள் கதைக்கிறதை அவனும் கேக்கட்டும் எண்டு. அங்க அவனுக்கு எங்கட பாஷையை விட்டுவைக்கேல்லைத்தானே." பிறகு தன் உணர்ச்சியைத் தானே கேலி செய்கிற மாதிரிச் சொன்னார், "ஒரு லாபமும் இருந்தது. எல்லா வீட்டிலயும் எனக்கு இன்னொரு கோப்பையும் ஊத்தி வைப்பினம். ரெண்டையும் நான்தான் குடிக்கிறது. பெருந்தீனிக்காரி எண்டு பேர் எடுத்திருப்பன்."

கோட்டை ஒலிக்கூடத்தில் ஒரு கதிரையில் வைத்துப் பதிவு செய்து பார்த்தேன். மென்பொருள் தயங்காமல் சொன்னது, ஒரு குழந்தை. எனக்கு நிம்மதியாக இருந்தது. பிழை எங்கே என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் விசில்கூட அடித்தேன். பக்கத்தில் லூசி அக்காவின் முகம் மாறுவதைக் கவனிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"குணா, நாங்கள் பாடின அறைக்குப் பின்னால ஒரு சின்ன அறை இருந்தது. கதவு பாதி திறந்திருக்கும்."

"என்ன அறை?"

"கோட்டுகள் கொழுவுற அறை."

பள்ளிக்கூடத்து நாடாவை அவர் முன்னாலேயே போட்டேன். பாடுகிற பிள்ளைகள், ஒரு பாதிரியார், பதிவு செய்கிறவர். பின்னால், பாதி திறந்த கதவுக்கு அப்பால், தாழ்வாக, ஒரு சின்ன உருவம். அவர் காலமெல்லாம் சொல்லிவந்த அதே இடத்தில். ஆனால் அது பிள்ளையா, கொழுக்கியில் தொங்கும் கோட்டா என்று இனி யார் சொல்வது? தம்பிக்காக அவர் தூக்கித் திரிந்த கோட்டே அவனுக்கு எதிர்ச் சாட்சியாக வந்து நின்றது. லூசி அக்கா கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று நாள் காப்பகத்துப் பக்கம் வரவில்லை. எனக்கு அவர் முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருந்தது.

ஹாரியட்தான் கேட்டாள். "கோட்டுக்கும் பிள்ளைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையோ?"

"கோட் மூச்சு விடாது" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது.

மூச்சு விட்டால் நெஞ்சு ஏறி இறங்கும். விழுங்குகிற ஒலியின் அளவும் கூடவே ஏறி இறங்கும். ஆனால் அதைப் பிடிக்கப் பாட்டு உதவாது. அமைதி வேண்டும். எங்களிடம் இருந்தது நகரத்தில் யாரோ சுத்தம் செய்து அனுப்பிய பிரதி. எங்கள் தொழிலில் சுத்தம் செய்வது என்றால் முதலில் மௌனங்களை வெட்டி எறிவது. ஒருவரும் பேசாத இடம் எதற்கு என்று. மிக்மாக் மக்களின் பேட்டிகளில் அப்படி வெட்டப்பட்டது கொஞ்சநஞ்சம் அல்ல. ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் அவர்கள் ஒரு தேநீர் குடித்து முடிக்கிற நேரம் பேசாமல் இருப்பார்கள்.

மூல நாடாவை வரவழைத்தோம். பாட்டு முடிந்த பிறகு, பாதிரியார் எதையோ எடுத்துவர வெளியே போகிறார். பிள்ளைகள் அசையாமல் நிற்கிறார்கள். பதிவுக்கருவியை நிறுத்த மறந்துவிட்டார்கள். சுவரில் ஒரு மணிக்கூடு மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அது போதும். ஒவ்வொரு டிக்கும், சுவர் திருப்பித் தரும் ஒரு சின்னக் கைதட்டு.

கதவுக்குப் பின்னால் அந்த உருவம் ஏறியது, இறங்கியது, ஏறியது. வேகமாக, ஒழுங்கில்லாமல், காய்ச்சல்காரப் பிள்ளையின் மூச்சு மாதிரி.

லூசி அக்காவைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் திரையில் ஏறி இறங்கும் அந்த உருவத்தின் மேல் விரலை வைத்தார். "மெல்ல மூச்சு விடடா" என்று மட்டும் சொன்னார், அவர்கள் மொழியில். ஹாரியட் எனக்கு அதை மொழிபெயர்த்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

ஒலிக்கூடத்தில் வைத்துப் பதிந்த கோட்டையும் அதே சோதனையில் போட்டேன். அசையவில்லை. அறிக்கை எழுதத் தொடங்கினேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் குழுவில் யாராவது, குசினி நாடாக்களில் இருந்த கோட்டையும் சோதித்தீர்களா என்று கேட்டால்? பதில் கையில் இருக்கட்டும் என்று ரேமண்ட் என்பவரின் தாயார் வீட்டில் எடுத்த பேட்டியின் மூலத்தைப் போட்டேன். அடுப்பில் கேத்தல் கொதிக்கிறது. யாரும் பேசாத ஒரு நீண்ட இடம்.

இடப்பக்கத்துக் கதிரையில் கோட் மூச்சு விட்டது.

இன்னொரு வீடு. அங்கேயும். இன்னொன்று. ஆறுதலான, நிதானமான மூச்சு, கதை கேட்டுக்கொண்டே தூங்கப்போகிற பிள்ளையுடையது மாதிரி. எழுந்து போக வேண்டிய ஆள் நான். நானோ அடுத்த நாடாவைப் போட்டேன்.

ஹாரியட்டுக்கும் லூசி அக்காவுக்கும் மறைக்காமல் சொன்னேன். ஒன்று, என் கருவி பொய் சொல்கிறது. அப்படியென்றால் பள்ளிக்கூடத்து மூச்சும் பொய். இரண்டாவது காரணத்தை நான் வாயால் சொல்லவில்லை.

ஹாரியட் கொஞ்சம் யோசித்தாள். "குழு கேட்டது பள்ளிக்கூடத்து நாடாவைப் பற்றி மட்டும்தானே? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. மற்றது ஒருத்தருக்கும் தேவையில்லை."

எனக்கும் அந்த ஆசை இருந்தது, நன்றாகவே இருந்தது. ஆனால் லூசி அக்கா தலையை ஆட்டினார்.

"ரெண்டையும் எழுதும். அந்த விடுதிக்காரர் எனக்குப் பாதியைச் சொல்லித்தான் இவ்வளவு காலமும் வதைச்சவை. என்ர தம்பியின்ர பேர் பாதிப் பொய்யில ஏறத் தேவையில்லை."

"ஏறாமலே போகலாம் அக்கா."

"தெரியும்" என்றார். கோட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

பெயர்க் குழு சமூக மண்டபத்தில் கூடியது. வெளியே மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. ஐந்து பேரும் அறுபதைச் சுற்றிய வயது. தலைவராக இருந்தவர் அந்த ரேமண்ட்தான், இறால் பிடிக்கிறவர், கூட்டத்திலும் தொப்பியைக் கழற்றாதவர். அவருக்குப் பக்கத்தில் டொரீன், ஓய்வுபெற்ற தாதி. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடம், மூச்சு, குசினிகள், கோட், அதுவும் மூச்சு விட்டது, ஆகவே என் சாட்சியத்தை நம்ப வேண்டாம் என்று நானே சொல்லி முடித்தேன். லூசி அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேமண்ட் என் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"எந்தக் கோட்?" என்றார் ரேமண்ட்.

"நோவெலின்ர கோட்" என்று மடியில் இருந்ததைத் தூக்கிக் காட்டினார் லூசி அக்கா. "நான் உங்கட வீடுகளுக்கு வரேக்க பக்கத்துக் கதிரையில வைக்கிறது."

ரேமண்ட் டொரீனைப் பார்த்தார். டொரீன் அவரைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்கள் எங்கட வீட்டுக்கு வந்தது எழுபத்தஞ்சில. எனக்கு எட்டு வயசு. கதிரையில கோட் ஒண்டும் கிடக்கேல்லை." அவர் தொப்பியைக் கழற்றினார். "கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெடியன் இருந்தவன்."

"எங்கட வீட்டில எண்பத்தொண்டில" என்றாள் டொரீன் மெதுவாக. "சாம்பல் கோட். என்ர வயசுதான் இருக்கும் எண்டு நினைச்சன், விளையாடக் கூப்பிட்டனான். வரேல்லை."

மேசையின் மறுமுனையில் இன்னொருவர் தலையை ஆட்டினார். எழுபத்தைந்துக்கும் எண்பத்தொன்றுக்கும் இடையில் ஒரு பிள்ளை எவ்வளவு வளர வேண்டும் என்று யாரும் வாய்விட்டுக் கணக்குப் பார்க்கவில்லை.

"பேந்து ஏன் ஒருத்தரும் இதைச் சொல்லேல்லை?" நான் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ரேமண்ட் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், இது கூடத் தெரியாதா என்பது போல. "எப்பிடிக் கேக்கிறது? கலியாணம் கட்டாத பொம்பிளை, கூட ஒரு பிள்ளை. அவவின்ர மகன் எண்டுதான் எல்லாரும் நினைச்சது. அம்மா எங்களைக் கண்ணாலயே வெருட்டிப்போட்டா, வாய் திறக்கக்கூடாது எண்டு. இடாப்பில அவ அவன்ர பேரைச் சொல்லவும் இல்லை. சொல்ல விருப்பமில்லையாக்கும் எண்டு விட்டிட்டம். தேத்தண்ணி மட்டும் அவனுக்கும் ஒண்டு ஊத்தி வைச்சா அம்மா."

எல்லா வீடுகளிலும் ஒரு கோப்பை கூடுதல். இத்தனை காலமும், மரியாதைக்காக, ஒரு குடியிருப்பு முழுவதும் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கிறது. லூசி அக்கா எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், தன் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைத் தவிர.

அவர் இப்போது நிமிர்ந்தார்.

"எனக்கு மட்டும் ஒருநாளும் தெரியேல்லையே." பிறகு, இவ்வளவு காலமும் மனதில் வைத்திருந்த ஒரே கேள்வியைக் கேட்டார். "அவன் இருமினவனா?"

"இல்லை அக்கா. இருமல் ஒண்டும் இல்லை. கோப்பையை ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக்கொண்டு இருந்தவன், சூட்டுக்கு. சுகமா இருந்தவன்."

லூசி அக்கா முகத்தைக் கோட்டில் புதைத்துக்கொண்டு அழுதார். டொரீன் எழுந்துபோய் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். என் அறிக்கையை அதன்பிறகு யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. நோவெலின் பெயரை ஐந்து பேரும் சேர்ந்து ஏற்றினார்கள். பனி உருகியதும் பின்பக்க நிலத்தைத் தேடுவதென்றும் முடிவானது.

அடுத்த வாரம் ஹாரியட் ஒரு பேட்டிக்கு ஏற்பாடு செய்தாள். எல்லாரையும் பதிந்த லூசி அக்காவை இதுவரை யாருமே பதிந்ததில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவர் கோட்டைக் கொண்டுவரவில்லை. இடப்பக்கத்துக் கதிரை வெறுமனே இருந்தது. ஹாரியட் ஒன்றும் கேட்காமல் அதன் முன்னால் ஒரு கோப்பை தேநீர் ஊற்றி வைத்தாள். நான் பதிவைத் தொடங்கினேன். லூசி அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, தேதியைச் சொல்லி, இடத்தைச் சொல்லி, இடாப்பைக் கூப்பிட்டார்.

"ஹாரியட்."

"இருக்கிறன்."

"குணா."

"இருக்கிறன்."

"என்ர தம்பி நோவெல்."

பிறகு, ஒவ்வொரு பெயருக்கும் செய்வது போலவே, பதிலுக்காகக் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். தேநீரிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து, பதில் கிடைத்துவிட்ட ஆளைப் போலத் தலையை ஆட்டிவிட்டு, அவர் தன் கதையைச் சொல்லத் தொடங்கினார்.

அந்த நாடாவை நான் மென்பொருளில் போடவில்லை. அந்த மௌனத்தை வெட்டவும் இல்லை.